ஃபிளைட் சிமுலேட்டருக்கும் அன்றாட வேலைக்கும் ஒரே வளைந்த மானிட்டர்: எதை எடுக்கலாம்?

34 அங்குலம், 3440 × 1440, வளைவு 1500ஆர் அல்லது 1800ஆர். பகலில் அலுவலக வேலை, இரவில் கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் என்று இரண்டையும் ஒரே மேசையில் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த அளவைத்தான். என் மேசையில் இருப்பது இதே வகை, 1500ஆர் வளைவு (இந்த எண் என்ன என்று கீழே சொல்கிறேன்), வி.ஏ. பேனல், அதாவது கறுப்பை ஆழமாகக் காட்டும் எல்சிடி வகை. நண்பர் ஒருவரிடம் 49 அங்குலம் இருக்கிறது, அதிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் பார்த்த பிறகும் பெரியதை வாங்கியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் அளவு. 34 அங்குல அல்ட்ராவைடு, அதாவது 21:9 அகலத் திரை என்றால் 27 அங்குல மானிட்டரைவிட எல்லாப் பக்கமும் பெரியது என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் உயரம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 33 சென்டிமீட்டர் சொச்சம். அகலம் மட்டும் 60 சென்டிமீட்டரிலிருந்து 80 ஆகிறது. கண்ணுக்கும் திரைக்கும் 70 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 27 அங்குலத் திரை கண் முன்னால் சுமார் 46 டிகிரியை நிரப்பும், 34 அங்குலம் 60 டிகிரியை நிரப்பும், 49 அங்குலம் 80 டிகிரியைத் தாண்டும்.

அந்தக் கூடுதல் 14 டிகிரிக்கு விமானத்தில் என்ன வேலை? செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் இடது சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். சாதாரண 16:9 திரையில் வேக எண்ணைப் படிக்கும் அளவுக்கு ஜூம் செய்தால் பக்கத்து ஜன்னல் போய்விடும், ஜன்னல் வேண்டும் என்று பின்வாங்கினால் எண்கள் எறும்பாகிவிடும். 21:9-இல் எண்கள் படிக்கும் அளவிலேயே இருக்க, இடப்பக்க ஜன்னலில் இறக்கையைத் தாங்கும் கம்பி தெரிகிறது, வலப்பக்கம் ஜி1000 என்ற டிஜிட்டல் கருவிப் பலகையின் இரண்டாவது திரையில் இன்ஜின் அளவுகளும் தெரிகின்றன. தரையிறங்கும்போது மூக்கு மேலே எழுந்து ஓடுதளத்தை மறைக்கும் அந்தச் சில நொடிகளில், ஓரக்கண்ணில் தெரியும் ஓடுதளத்தின் விளிம்பை வைத்துத்தான் உயரத்தைக் கணிக்க வேண்டும். இந்த மானிட்டருக்குக் கொடுத்த காசுக்கு எனக்கு அங்கேயே பலன் கிடைத்துவிட்டது.

ஆனால் அகலத்தால் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது. மதுரையில் 27-ஆம் ஓடுதளத்துக்கு இடப்பக்கச் சுற்று போகிறீர்கள் என்று வையுங்கள், டவுன்விண்டில், அதாவது இறங்கும் திசைக்கு எதிராக ஓடுதளத்துக்கு இணையாகப் போகும் கட்டத்தில், கிழக்கே பறக்கும்போது ஓடுதளம் உங்கள் இடது தோளுக்கு நேரே, 90 டிகிரியில் இருக்கும், திரும்ப வேண்டிய நேரத்தில் அதன் முனை தோளுக்குப் பின்னால் 45 டிகிரியில் இருக்கும். எந்த ஒற்றைத் திரையும், 49 அங்குலமே ஆனாலும், நேராகப் பார்த்தபடி அதைக் காட்டாது. தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும், அந்த அசைவைக் கவனித்துக் காட்சியைத் திருப்பும் ஹெட் டிராக்கிங்குக்கு டிராக்ஐஆர், டோபி ஐ டிராக்கர் 5, இல்லையென்றால் சாதாரண வெப்கேமை வைத்தே இலவச ஓப்பன்டிராக் மென்பொருள் என்று வழிகள் இருக்கின்றன. ஆகவே 34-க்கும் 49-க்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஹெட் டிராக்கிங்குக்கும் விமானத்தின் மூக்கைக் காலால் திருப்பும் ஒரு நல்ல ரட்டர் பெடலுக்கும் கொடுங்கள். பறப்பதில் அது தரும் முன்னேற்றம் பெரிது.

49 அங்குலத்தில் இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. சிமுலேட்டர் ஒரு தட்டையான கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல்தான் படத்தை வரைகிறது, வளைவைக் கணக்கில் எடுப்பதில்லை. காட்சிக் கோணம் அகலமாக ஆக, ஓரத்தில் இருப்பதெல்லாம் பக்கவாட்டில் இழுபடும். 32:9 திரையின் இரு கோடிகளில் இறக்கையும் மேகமும் நீண்டு போவது நன்றாகவே தெரியும், 21:9-இல் அது தொந்தரவு செய்யும் அளவுக்குப் போவதில்லை.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு. 3440 × 1440 என்றால் கிட்டத்தட்ட 49.5 லட்சம் பிக்சல். 2560 × 1440-ஐவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல், 4கே-யின் 83 லட்சத்தோடு ஒப்பிட்டால் 60 சதவீதம். நடுத்தர கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஹெர்ட்ஸ் எண்ணை, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை, பார்த்து மயங்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் பெரிய விமான நிலையங்களில் பெரும்பாலும் பிராசஸரிடம்தான் மாட்டிக்கொள்ளும், நொடிக்கு 35 முதல் 50 ஃப்ரேம் வந்தாலே சுகமாகப் பறக்கலாம். 165-க்கும் 240-க்கும் இங்கே வேலையில்லை. கவனிக்க வேண்டியது ஃப்ரீசிங்க், அதாவது வரும் ஃப்ரேமுக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி, எந்த எண்ணில் தொடங்குகிறது என்பது. பல மானிட்டர்களில் அது 48 ஹெர்ட்ஸில் தொடங்கும், சிமுலேட்டரோ அதற்குக் கீழேதான் அதிக நேரம் ஓடும். அப்போது ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு முறை காட்டிச் சமாளிக்கும் வசதி, எல்எஃப்சி என்பார்கள், அது இருக்க வேண்டும். அதிகபட்ச ஹெர்ட்ஸ் குறைந்தபட்சத்தைப்போல் இரண்டரை மடங்காவது இருந்தால் பயமில்லை. நான் ஃப்ரேமை 40-இல் கட்டி வைத்துவிட்டேன், திரை 80-இல் ஓடுகிறது, திணறலே இல்லை. கட்டாமல் விட்டால் ஃப்ரேம் மேலும் கீழும் ஆடும்போது வி.ஏ. பேனல்களில் லேசான சிமிட்டல் வரும், குறிப்பாக மங்கலான காட்சிகளில்.

எந்த வகை பேனல், வி.ஏ.வா ஐ.பி.எஸ்.ஸா என்ற கேள்விக்கு வருகிறேன். வி.ஏ.வின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம், சுமார் 3000:1, சாதாரண ஐ.பி.எஸ்.ஸில் 1000:1. இரவு விமானத்தில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். கோழிக்கோட்டின் மேட்டு ஓடுதளத்துக்கு ராத்திரியில் இறங்கும்போது, சுற்றிலும் நிஜமான கறுப்பு, நடுவில் விளக்குகள் மட்டும். ஐ.பி.எஸ்.ஸில் அந்தக் கறுப்பு சாம்பலாகி, மூலைகளில் வெளிறிய ஒளி படரும். ஆனால் வி.ஏ.வுக்கு விலை உண்டு: இருட்டில் அசைவு இழுபடும். அந்திநேரத்தில் காக்பிட் விளக்கைக் குறைத்துவிட்டுத் தலையைத் திருப்பினால், கருவிப் பலகையின் கறுப்பு விளிம்புக்குப் பின்னால் ஒரு நிழல் வால் வருவதைப் பார்க்கலாம். பிக்சல் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவ் அமைப்பை நடுவில் வைத்தால் குறையும், முழுதும் ஏற்றினால் நிழலுக்குப் பதில் வெள்ளை வால் வரும். போர் விமானம் ஓட்டுகிறவர்கள், அதாவது டிசிஎஸ் சிமுலேட்டர் பக்கம் இருப்பவர்கள், தலையை ஓயாமல் திருப்புவதால் ஐ.பி.எஸ். பக்கம் போவதே நல்லது. பயணிகள் விமானமும் செஸ்னாவும் ஓட்டும் எனக்கு வி.ஏ.வே போதும்.

ஓஎல்இடி? படம் அபாரம்தான், ஏலியன்வேர் ஏடபிள்யூ3423டிடபிள்யூஎஃப் மாதிரி 34 அங்குலத்திலேயே கிடைக்கிறது. ஆனால் பகல் முழுக்க அசையாத டாஸ்க்பார், இரவு முழுக்க அசையாத கருவிப் பலகை என்று இருக்கும் வாழ்க்கைக்கு, அந்த அசையாத படமே நிரந்தரத் தழும்பாகப் பதியும் பயம் உள்ள பேனலை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுத்தின் விளிம்பில் நிறம் பிரிந்து தெரியும் குறையும் அந்த வகைத் திரைகளில் உண்டு.

இப்போது வளைவு. 1500ஆர் என்றால் 1500 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு, எண் குறையக் குறைய வளைவு கூடும். 34 அங்குலத்தில் ஓரங்கள் நடுவைவிட எவ்வளவு முன்னே வருகின்றன என்று கணக்குப் போட்டால் 1800ஆரில் சுமார் 4.4 சென்டிமீட்டர், 1500ஆரில் 5.3, 1000ஆரில் 8. டெல் எஸ்3422டிடபிள்யூஜி, எல்ஜி 34டபிள்யூபி65சி இரண்டும் 1800ஆர். சாம்சங் ஒடிஸி ஜி5-இன் 34 அங்குலம் 1000ஆர். 2020-இல் வந்த 49 அங்குல ஒடிஸி ஜி9-உம் 1000ஆர்தான், அதில் ஓரம் 17 சென்டிமீட்டருக்கு மேல் முன்னே வந்து நிற்கும், நம் வீடுகளில் இருக்கும் இரண்டடி ஆழ மேசையில் கீபோர்டு, யோக் என்ற விமான ஸ்டீயரிங், த்ராட்டில் எல்லாம் வைக்க மிச்சம் என்ன இருக்கும் என்று முதலில் டேப் பிடித்துப் பாருங்கள்.

பறப்பதற்கு மட்டும் என்றால் 1000ஆர் தப்பில்லை, நடுவில் அசையாமல் உட்கார்ந்து பார்க்க அருமையாக இருக்கும். வேலைக்குத்தான் இடிக்கிறது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாலே எக்செல் கட்டங்களின் கோடுகள் வில்லாக வளையும், வரைபடம் போடுகிறவர்களுக்கும் பக்க வடிவமைப்பு செய்கிறவர்களுக்கும் இது ஒத்தே வராது. 1500ஆரில் ஒரு வாரத்தில் கண் பழகிவிடும், 1800ஆரில் பழகவே தேவையில்லை. இன்னொன்று, முதுகுக்குப் பின்னால் ஜன்னலோ டியூப் லைட்டோ இருந்தால் வளைந்த திரையில் அதன் பிரதிபலிப்பு நீளப் பட்டையாகப் படரும். மேசையைத் திருப்பிப் போடுவதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

வேலைக்கு இந்தத் திரை எவ்வளவு சுகம் என்பதற்கு ஒரே உதாரணம்: எக்செலை 100 சதவீதத்தில் முழுத் திரைக்குத் திறந்தால் ஏ முதல் ஏஇசட் வரை 52 பத்திகளும் நகர்த்தாமல் தெரிகின்றன, 1920 திரையில் ஏசி-யோடு நின்றுவிடும். இரண்டு மானிட்டர் வைத்தால் நடுவில் வரும் சட்டம் இதில் இல்லை. இடப்பக்கம் மூல ஆவணம், நடுவில் எழுதும் பக்கம், வலப்பக்கம் மெயில் என்று விண்டோஸ் 11-இல் விண்டோஸ் விசையோடு இசட் அழுத்திப் பிரித்துக்கொள்ளலாம்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் கவனிக்க: 34 அங்குல 3440 × 1440-இல் அங்குலத்துக்கு சுமார் 109 பிக்சல், 32 அங்குல 2560 × 1440-இல் 92 மட்டுமே. ஆங்கிலத்தில் அது பெரிதாகத் தெரியாது, ஆனால் சின்ன எழுத்தில் ழு, மு, ணீ போன்றவற்றின் சுழிகள் 32 அங்குலத்தில் கொழகொழவென்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் விலை குறைந்த 32 அங்குல வளைந்த மானிட்டரை நான் யாருக்கும் சொல்வதில்லை. அப்புறம், மீட்டிங்கில் முழுத் திரையையும் ஷேர் செய்யாதீர்கள், எதிரில் லேப்டாப்பில் பார்ப்பவருக்கு எழுத்தெல்லாம் பொடியாகத் தெரியும். ஒரு விண்டோவை மட்டும் ஷேர் செய்யுங்கள்.

வாங்கப் போகும்போது, சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும், மூன்று விஷயம் கேளுங்கள். உயரம் ஏற்றி இறக்க முடிகிற ஸ்டாண்டா, இல்லையென்றால் வேறு தாங்கியில் மாட்டப் பின்னால் வீசா (VESA) துளைகளாவது இருக்கின்றனவா. லேப்டாப்பும் இணைப்பீர்கள் என்றால் யூஎஸ்பி-சி வழியாக எத்தனை வாட் சார்ஜ் ஆகும். பெட்டியில் டிஸ்ப்ளே போர்ட் கேபிள் வருகிறதா. கடைசியது சின்ன விஷயமல்ல, பல மாடல்களில் எச்டிஎம்ஐ-யில் செருகினால் 100 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், டிஸ்ப்ளே போர்ட்டில்தான் முழு வேகம் வரும். ஒரு கடையில் எனக்கு எச்டிஎம்ஐ-யில் 60-இல் ஓடவிட்டு "இவ்வளவுதான் சார் வரும்" என்று சொன்னார்கள், விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்து எண்ணை மாற்றிக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அறையை இருட்டாக்கி, முழுக் கறுப்புப் படம் ஒன்று, முழுச் சாம்பல் படம் ஒன்று போட்டுப் பாருங்கள். செத்த பிக்சல், ஒளிக்கசிவு எதுவானாலும் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் தெரிந்தாக வேண்டும், அதுவரை தெர்மாகோலோடு அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வளைந்த பேனலை வேறு பெட்டியில் கட்டி அனுப்ப முடியாது.