இணையவழிச் சொத்துவரிச் சேவை: கட்ட ஐந்து நிமிடம், திருத்த ஆறு மாதமும் போதவில்லை

நகராட்சி, பேரூராட்சிகளுக்காக அரசு நடத்தும் இணையதளத்தில்தான் இரண்டு ஆண்டுகளாகச் சொத்துவரி செலுத்தி வருகிறேன். பணம் கட்டும் வசதியைப் பொறுத்தவரை, உள்ளாட்சிச் சேவைகளில் நான் கண்ட மிகச் சிறந்தது இது என்று தயங்காமல் சொல்வேன். வரிவிதிப்பு எண்ணை இட்டதும் அந்த அரையாண்டுக்கான தொகையும் பழைய நிலுவையும் திரையில் தனித்தனியாக வந்து நிற்கின்றன. பணம் செலுத்திய மறுகணமே ரசீதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கட்டியபோது, 2,240 ரூபாய் வரியில் 112 ரூபாய் ஊக்கத்தொகையாகக் கழிந்து 2,128 ரூபாய்தான் ஆனது. வேலைக்கு விடுப்பு எடுத்து, காலை பத்து மணிக்கே வரிவசூல் மையத்தில் வரிசையில் நின்ற என் தந்தையின் காலத்தை நினைத்தால், இது சிறிய மாற்றமன்று.

இந்த எளிமைக்கு மென்பொருள் மட்டுமே காரணமில்லை. சென்னைக்கு 1919ஆம் ஆண்டுச் சட்டம், நகராட்சிகளுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாநகராட்சிகளுக்கு வெவ்வேறு சட்டங்கள் என்று சிதறிக்கிடந்த நிலையை மாற்ற, தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998இலேயே இயற்றப்பட்டது. ஆனால் விரைவிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு, உரிய விதிகளோடு 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அரையாண்டு தொடங்கிய முப்பது நாள்களுக்குள் வரி செலுத்தினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். கெடு தவறினால் மாதத்துக்கு 1 விழுக்காடு தனிவட்டி. எந்த நகரில், எந்தப் பேரூரில் வீடு இருந்தாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான் என்பதால், வரி செலுத்துபவருக்குக் குழப்பமில்லை.

பதிவேட்டில் பிழை இருந்தால் நிலைமை வேறு. எங்கள் வீட்டின் பரப்பு 1,140 சதுர அடி. தந்தை தகரப்பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த பழைய வரிப் புத்தகத்தில், நீல மையில், அந்த எண் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. கணினியில் ஏற்றியபோது இரண்டு இலக்கங்கள் இடம் மாறி 1,410 ஆகிவிட்டன. வெறும் எழுத்துப் பிழையென்று இதை விட்டுவிட முடியாது. 2022 வரி உயர்வின்போது, நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு உயர்வு, 1,200 சதுர அடி வரை 50 விழுக்காடு, 1,800 வரை 75 விழுக்காடு, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று படிநிலைகள் வகுக்கப்பட்டன. ஆகவே இல்லாத 270 சதுர அடிக்கும் வரி கட்டுகிறோம். அதோடு 50 விழுக்காட்டுக்குரிய வீட்டுக்கு 75 விழுக்காட்டு உயர்வையும் சுமக்கிறோம்.

பிழை கண்ணில் பட்ட 2025 ஏப்ரலிலேயே வரிப் புத்தகம், கிரயப் பத்திரம், வரைபடம் ஆகியவற்றின் நகல்களோடு மனுக் கொடுத்தேன். முகப்பில் இருந்த பெண் ஊழியர் பொறுமையாக ஆவணங்களைச் சரிபார்த்து, "அளவெடுக்க ஆள் வருவாங்க, ஐயா" என்றார். அவர்மீது எனக்குக் குறையேதும் இல்லை. ஜூன் மாதத்தில் கேட்டபோதும் ஆகஸ்டில் கேட்டபோதும், வார்டுக்குரிய வருவாய் உதவியாளர் வேறு பணியில் இருக்கிறார் என்ற பதிலே கிடைத்தது. பணம் கட்டும்போது அத்தனை விவரம் காட்டும் இணையதளத்தில், என் மனு யாருடைய மேசையில், எத்தனை நாளாக இருக்கிறது என்று மட்டும் எங்கும் தெரியவில்லை.

இதைத்தான் இந்தச் சேவையின் பெருங்குறையாகக் கருதுகிறேன். நான் தாமதித்தால் எவ்வளவு வட்டி என்று மாதக் கணக்கில் சொல்லும் ஏற்பாட்டில், அலுவலகம் தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் இல்லை. கர்நாடகத்தில் 'சகாலா' என்ற பெயரில் நடைமுறையிலுள்ள 2011ஆம் ஆண்டுச் சேவை உத்தரவாதச் சட்டம், அட்டவணையில் உள்ள ஒவ்வொரு சேவைக்கும் நாள் கெடு விதித்து, கெடு கடந்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை மனுதாரருக்கு இழப்பீடு கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. தொகை அற்பமானதுதான், ஆனால் அந்தக் கெடுவால் மனு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பது கணக்கில் ஏறுகிறது. கேரளத்திலும் 2012இல் சேவை உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இங்கும் அதுபோன்ற சட்டம் வந்து, சொத்துவரித் திருத்தமும் பெயர் மாற்றமும் அதன் அட்டவணையில் இடம்பெற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதுவரை, இத்தளத்தைப் பயன்படுத்துவோர் பணம் செலுத்துமுன் கட்டடப் பரப்பையும் பயன்பாட்டு வகையையும் பழைய ரசீதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். மனுக் கொடுத்தால் தேதி முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அக்டோபர் முதல் வாரத்தில், ஊக்கத்தொகையை இழக்க மனமின்றி, அதே 1,410 சதுர அடிக்கு மீண்டும் 2,128 ரூபாய் செலுத்தினேன். ரசீது உடனே வந்தது.