செடி பார்க்க வாங்கிய பத்து மடங்கு லென்ஸ்

நகை மதிப்பிடுகிறவர்கள் கல்லைக் கண்ணருகே வைத்துப் பார்க்கப் பயன்படுத்துவார்களே, அந்தச் சின்ன மடக்கு லென்ஸைப் பற்றித்தான் எழுதுகிறேன். கட்டைவிரல் அளவு இருக்கும். உலோகக் கூட்டுக்குள் மடங்கிக்கொள்ளும். நான் அதை வாங்கியது செடி பார்க்க. அச்சுப்படி திருத்துவது என் தொழில். ஒற்று விட்டுப்போயிருக்கிறதா, காற்புள்ளி இடம் மாறியிருக்கிறதா என்று நாளெல்லாம் தேடிப் பழகிய கண்ணுக்கு, ஒரு செடியைப் பார்த்து “ஏதோ சின்னப் பூ” என்று சொல்லிவிட்டு நகர மனம் வருவதில்லை. தாவரவியல் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு சரி. அதனால் இதை ஒரு நிபுணரின் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். செடி பெயர் சொல்லும் செயலி போனில் இருந்தாலும் வாங்கலாம். இருந்தால் கட்டாயம் வாங்கலாம்.

இதில் பல ரகம் உண்டு. ஒரே கண்ணாடி வைத்தது மலிவு, ஆனால் நடுவில் மட்டும்தான் தெளிவாகத் தெரியும். ஓரத்தில் உருவம் வளையும், கோடுகளுக்கு நீலமும் சிவப்புமாகக் கரை கட்டும். மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டிய ரகத்தில் இந்த இரண்டு தொல்லையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இலை ரோமம் வெள்ளையா பழுப்பா என்று பார்க்கிற இடத்தில் நிறம் பொய் சொல்லக் கூடாது. அதனால் இந்த ரகத்தைத்தான் எடுத்தேன்.

பெருக்கம் 10 மடங்கு போதும். 30, 40 என்று கூட்டில் பொறித்து விற்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு அளவுகோல் இருந்தால் சோதித்துவிடலாம். உண்மையான 10 மடங்கு லென்ஸ் என்றால், பொருள் கண்ணாடியிலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும்போது தெளிவாகத் தெரியும். 30 மடங்கு என்றால் அந்தத் தூரம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். 30 என்று போட்ட லென்ஸ் இரண்டரை சென்டிமீட்டரில் தெளிவு காட்டினால், எண் அலங்காரத்துக்குப் போட்டது. 20 மடங்கு நிஜமாகவே இருக்கிறது, ஆனால் தோட்டத்தில் உதவாது. தெரியும் வட்டம் சுருங்கிவிடும், வெளிச்சமும் குறையும், கை லேசாக அசைந்தாலே எல்லாம் மங்கிவிடும்.

பிடிக்கும் விதத்தைப் பெட்டியோடு வந்த தாளில் சொல்லவில்லை. பெரிய பூதக்கண்ணாடி மாதிரி கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது, “இது வேலை செய்யவில்லை” என்று தூக்கிப் போட்டுவிடத் தோன்றும். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, செடியை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். லென்ஸ் பிடித்த கையைக் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு, பூ பிடித்த கையின் விரலை அந்தக் கையோடு முட்டுக்கொடுத்தால் நடுக்கம் நின்றுவிடும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கழற்ற வேண்டியதில்லை. வெயில் பூவின்மேல் விழ வேண்டும், தலையின் நிழல் விழக் கூடாது. அவ்வளவுதான்.

சரி, என்ன தெரிகிறது?

கீழாநெல்லியிலிருந்து ஆரம்பிக்கிறேன். வெறும் கண்ணுக்கு அது புளிய இலை மாதிரி, ஒரு காம்பில் வரிசையாகச் சிற்றிலைகள் அடுக்கிய கூட்டிலையாகத்தான் தெரியும். லென்ஸை வைத்துக் காம்பின் அடிப்பக்கம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு இலையும் சேரும் கோணத்தில் ஒரு குட்டிப் பூவோ காயோ தொங்கும். சிற்றிலையின் கோணத்தில் பூ வராது, முழு இலையின் கோணத்தில்தான் வரும். ஆக, நாம் கூட்டிலை என்று நினைத்தது ஒரு கிளை. சிற்றிலை என்று நினைத்தவை ஒவ்வொன்றும் தனி இலை. நெல்லி மரத்திலும் இதே கதைதான், இரண்டும் ஒரே பேரினம். எது இலை, எது சிற்றிலை என்பதில் குழம்பினால் செடி அடையாளம் காணும் நூல்களில் முதல் கேள்வியிலேயே வழி தப்பிவிடும், அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அந்தக் காயைக் கிள்ளி எடுத்துப் பாருங்கள். கீழாநெல்லியின் காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு இருக்கும். பக்கத்திலேயே வளரும் சிவப்புக் கீழாநெல்லியின் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாதது போலத் தண்டோடு ஒட்டியிருக்கும். அதன் இலை விளிம்பில் குட்டிக் குட்டி முள் ரோமமும் தெரியும். சந்தேகம் தீரவில்லையா, முற்றிய காயை நகத்தால் உடைத்து விதையைப் பாருங்கள். கீழாநெல்லி விதையில் வரிகள் நீளவாக்கில் ஓடும், சிவப்பில் குறுக்குவாக்கில் ஓடும். கடுகைவிடச் சிறிய விதை அது. என் போன் கேமராவை எவ்வளவு நெருக்கிப் பிடித்தாலும் இந்த வரி விழவே இல்லை.

விதையை எண்ணியும் விடலாம். கீழாநெல்லிக் காயில் மூன்று அறைகள், அறைக்கு இரண்டாக ஆறு விதைகள். அம்மான் பச்சரிசியின் காயிலும் மூன்று அறைகள்தான், ஆனால் அறைக்கு ஒன்றுதான், மொத்தம் மூன்று. முன்பு இரண்டையும் ஆமணக்குக் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு கீழாநெல்லி, நெல்லி வகையறாவைத் தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள். பிரித்த இரண்டு பக்கத்துக்கும் இந்த ஒன்றா இரண்டா என்ற கணக்கு பொருந்தி வருகிறது. ஆய்வுக்கூடத்தில் நடந்த பாகப்பிரிவினையை நம் நகத்தாலும் ஒரு லென்ஸாலும் சரிபார்க்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அம்மான் பச்சரிசியின் பூவைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். இலைக்கோணத்தில் பச்சையும் சிவப்புமாக உருண்டையாய்த் திரண்டிருப்பது ஒரு பூ அல்ல, கும்பல். அதில் ஒரு மில்லிமீட்டர் அளவிலான ஒவ்வொரு கிண்ணமும்கூட ஒரு பூ அல்ல, மஞ்சரி, அதாவது பல பூக்கள் சேர்ந்த கொத்து. கிண்ணத்துக்குள் ஒற்றை மகரந்தத்தாளாக நிற்கும் ஒவ்வொன்றும் ஓர் ஆண் பூ. நடுவில் காம்போடு வெளியே சாய்ந்து தொங்கும் மூன்று முகடுள்ள குட்டிப் பச்சை உருண்டைதான் பெண் பூ. பள்ளிப் புத்தகத்தில் சயாத்தியம் என்று மனப்பாடம் செய்த சங்கதி இதுதான். படம் வரைந்து மதிப்பெண் வாங்கியபோது விளங்காதது நேரில் பார்த்தபோது விளங்கியது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அம்மான் பச்சரிசியை ஒடித்தால் பால் வடியும். எருக்குக்குக் கேட்கவே வேண்டாம். லென்ஸ் பிடிக்கும் கை கண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பதால், விரலில் பால் பட்டால் அது கண்ணுக்குப் போக ரொம்ப நேரம் ஆகாது. எருக்கம்பால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும், விளையாட்டில்லை. பால் உள்ள செடி என்றால் பறிக்கும் கை வேறு, லென்ஸ் பிடிக்கும் கை வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள், பார்த்து முடித்ததும் கழுவிவிடுங்கள். இந்த எச்சரிக்கையும் அந்தத் தாளில் இல்லை.

மற்றவற்றைக் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். துத்தி இலையின் ரோமங்கள் நட்சத்திரம் போல ஒரே புள்ளியிலிருந்து பல திசைக்கும் விரியும். செம்பருத்திக் குடும்பத்துக்கே இது ஒரு முக்கிய அடையாளம். மணத்தக்காளிப் பூவின் மஞ்சள் மகரந்தப்பைகள் நுனியில் துளை விட்டுத்தான் திறக்கும், அந்தத் துளை தெரிகிறது. எலுமிச்சை இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் எண்ணெய்ப் புள்ளிகள் ஊசி குத்தியது போல ஒளிரும், வில்வத்திலும் அப்படியே. கிணற்றடிப் பூண்டின் ஒரு பூ உண்மையில் ஒரு கூட்டம்: ஓரத்தில் நுனி மூன்றாகப் பிளந்த நாக்குகள், நடுவில் மஞ்சள் குழல்கள். விதையோடு பறக்கும் ரோமம் ஒவ்வொன்றும் இறகு போலக் கிளைத்திருக்கும்.

தண்டு நாலுபட்டை என்றால் துளசிக் குடும்பம் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உண்ணிச்செடிக்கும் நாலுபட்டைத் தண்டுதான், ஆனால் அது வேறு குடும்பம். காயைப் பார்த்தால் தகராறு தீர்ந்தது: துளசியில் உலர்ந்த புல்லி இதழுக்குள் நான்கு சின்னக் கொட்டைகள், உண்ணிச்செடியில் சதைப்பற்றுள்ள கரும்பழம். ஒரே அடையாளத்தை வைத்துப் பெயர் சூட்டாமல், பூ, காய், இலை மூன்றிலும் ஒவ்வொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பழக்கம் லென்ஸ் வந்த பிறகுதான் எனக்கு வந்தது.

இப்போது செயலி விஷயம். எனக்கு அதன்மேல் கோபம் எதுவும் இல்லை. பிளான்ட்நெட் 2013-இல் போனுக்கு வந்தது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் திட்டம் அது. படத்தைக் கொடுத்தால் இது இலையா, பூவா, காயா, பட்டையா என்று உறுப்பைப் பிரித்துப் பார்க்கிறது. அந்தப் பிரிப்பே பாதிப் பாடம். ஐநேச்சுரலிஸ்ட் என்ற இன்னொரு செயலியில் படத்தை ஏற்றினால் மற்றவர்கள் பார்த்து ஒப்புக்கொள்வார்கள், இல்லை மறுப்பார்கள். ஆனால் எந்தச் செயலியானாலும் கிடைத்த படத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். பூக்காத நாற்றின் இலையை மட்டும் காட்டினால் பட்டியல் நீள்கிறது. அடுக்குச் செம்பருத்தி மாதிரி தோட்ட ரகங்களில் மகரந்தத்தாளே இதழாக மாறியிருப்பதால் நமக்கும் தடுமாற்றம், அதற்கும் தடுமாற்றம். புல் என்றால் பெரும்பாடுதான். புல்லில் இலைத்தகடு உறையோடு சேரும் மடிப்பில் ஒரு சின்னச் சவ்வோ ரோம வரிசையோ இருக்கும். பெயரைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் அது எங்கே விழப்போகிறது?

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. லென்ஸைப் போன் கேமராவின்மேல் ஒட்டினாற்போலப் பிடித்து, போனைச் செடிக்கு அருகே கொண்டுபோய்ப் படம் எடுங்கள். கை நடுங்கும், காற்றடிக்கும், பத்தில் எட்டு வீணாகும். தேறும் இரண்டில் இலை ரோமமும் காயின் சொரசொரப்பும் அழகாக விழுந்திருக்கும். அதை ஏற்றினால் பதில் சொல்கிறவர்களும் யூகிக்காமல் பேசுவார்கள்.

ஒன்று மட்டும்: செயலி சொன்னது, லென்ஸிலும் ஒத்துப்போனது என்பதற்காக எதையும் வாயில் போட வேண்டாம். அரளியும் மஞ்சள் அரளியும் அழகாகத்தான் பூக்கின்றன, இரண்டும் விஷம்.

குறைகளும் சொல்ல வேண்டும். உயரமான மரத்தின் பூ கீழே விழுந்தால்தான் உண்டு. மழை நாளில் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். மடக்கும் இடத்தில் உள்ள திருகு தளர்ந்துபோகும், சின்னத் திருப்புளி ஒன்று தேவை. கூட்டில் கயிறு கட்ட ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் புல்லுக்குள் விழுந்த லென்ஸைத் தேட இன்னொரு லென்ஸ் வேண்டியிருக்கும். விளக்கு வைத்த ரகமும் வருகிறது. நிழலில் நல்லதுதான், ஆனால் பகல் வெளிச்சத்துக்கு ஈடாகவில்லை, மின்கலம் தீர்ந்தால் வெறும் பாரம். மகரந்தமும் பாலும் ஒட்டினால் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், மணல் இருந்தால் கீறிவிடும். ஊதிவிட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தால் போதும்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் இதை வாங்காதீர்கள். ஒரு கண்ணை மூடி, இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் அசையாமல் பிடிக்க அவர்களுக்குப் பொறுமை இருக்காது. 4 அல்லது 5 மடங்கில், வட்டம் பெரிதாக உள்ளதைக் கொடுங்கள். துத்தியின் சக்கரக் காய்க்கும் கிணற்றடிப் பூண்டின் நாக்குகளுக்கும் அதுவே தாராளம்.