ராஜமலையா, முக்குருத்தியா?

தேசியப் பூங்காவுக்குள் மலை நடை போக வேண்டும் என்று சென்னையில் யார் கேட்டாலும் பேச்சு இந்த இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். (கிண்டியும் தேசியப் பூங்காதான். மான் பார்க்கலாம், மலைக்கு எங்கே போவது?) மூணாறு பக்கம் இரவிகுளம் பூங்காவின் ராஜமலை ஒன்று. நீலகிரியில் பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்குருத்தி குடில் வரை போகும் பாதை இன்னொன்று. இரண்டு பூங்காக்களிலும் மேட்டில் புல்வெளி, பள்ளத்தில் சோலைக்காடு, பாறையில் வரையாடு.

ராஜமலையை மலையேற்றம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நுழைவிடத்தில் சீட்டு வாங்கினால் வனத்துறை பேருந்தே மேலே கொண்டுபோய் விடும். அதன்பிறகு நடப்பது போட்டு வைத்த பாதையில், சுமார் ஒன்றரை கிலோமீட்டர். 2,695 மீட்டர் உயர ஆனைமுடி கண்ணெதிரே நிற்கும், ஆனால் சுற்றுலாப் பயணிகளை ஏற விடமாட்டார்கள். அப்புறம் ஏன் போக வேண்டும்? வரையாட்டுக்காகத்தான். ஆள் நடமாட்டத்துக்குப் பழகிய ஆடுகள், பாதையோரத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். முட்டிவலி உள்ள அம்மாவையும் ஆறு வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நம் மாநில விலங்கை இவ்வளவு பக்கத்தில் பார்க்க இதைவிட எளிய இடம் எனக்குத் தெரியவில்லை. 2018-ல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-ல்தான். அந்த வருடம் கூட்டம் எப்படியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

முக்குருத்தி வேறு கதை. ஊட்டிக்குக் குடிநீர் தரும் அணைப் பக்கத்திலிருந்து கிளம்பி, நாள் முழுக்க நடக்க வேண்டும். வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக முடியும். தனியாகப் போய்ப் பழகியவர்கள் இதற்குச் சலித்துக்கொள்வார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் சென்னையிலிருந்து போனவர்களும் இறந்தார்கள். அதை நினைத்தால் இந்தக் கெடுபிடி எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. இங்கே வரையாடு கண்ணில் படும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பட்டாலும் தூரத்துச் சரிவில் ஒரு புள்ளியாகத்தான் இருக்கும். ஆனால் காற்றும் புல்லும் தவிர வேறு சத்தமில்லாத நடை வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்குத்தான். அதற்குமுன் திருக்கழுக்குன்றம் படிகளில் சில ஞாயிற்றுக்கிழமைகள் மூச்சு வாங்கிப் பழகுவது நல்லது.

காலத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் சிக்கல் உண்டு. ராஜமலையை வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். தமிழகப் பாதைகளும் காட்டுத்தீ பயத்தில் ஏறக்குறைய அதே சமயம் மூடப்படும். மே மாதப் பள்ளி விடுமுறையில் ராஜமலையில் பேருந்துக்கே வரிசை. தென்மேற்குப் பருவமழையில் முக்குருத்திப் பக்கம் கொட்டித் தீர்க்கும், அட்டைக்கடி வேறு. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி, அதனால் மார்கழிக் குளிருக்கே மப்ளர் தேடும் நாம் நல்ல ஜாக்கெட் இல்லாமல் கிளம்பக் கூடாது.

போகிற வழியில் முக்குருத்திக்கு லாபம்: இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். சொந்த கார் என்றால் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். ராஜமலைக்கு உடுமலையில் இறங்கி மறையூர் வழியாக வருவது என் விருப்பம். அந்தச் சாலையில் மூணாறுக்கு முன்னாலேயே பூங்கா வந்துவிடும்.