பழைய காரும் வேலூர் வெயிலும்: சென்சார், இக்னிஷன் பழுதுகளுடன் மூன்று ஆண்டுகள்

2006ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார் ஒன்றை, பதினைந்து ஆண்டுகள் முடிந்து பதிவைப் புதுப்பித்த பிறகும், வேலூரில் அன்றாடம் ஓட்டிவருகிறேன். நான்கு சிலிண்டர் எஞ்சின், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கான உயர் அழுத்த மின்சாரத்தைத் தரும் இரண்டு காயில்கள், ஒரு காயில் 1, 4 சிலிண்டர்களுக்கும் மற்றொன்று 2, 3 சிலிண்டர்களுக்கும் பொறி தரும் அமைப்பு. 2023 ஏப்ரலில் ஒரு பிற்பகல், திருவண்ணாமலை சாலையில் கண்ணமங்கலத்தைத் தாண்டியதும் வண்டி எவ்வித முன்னறிவிப்பும் இன்றி அணைந்துவிட்டது. புளியமர நிழலில் இருபது நிமிடம் நின்ற பிறகு, ஒன்றும் நடவாததுபோல் ஸ்டார்ட் ஆனது. அதே வாரத்தில் இது மேலும் இருமுறை நிகழ்ந்தது.

முதலில் சென்ற பணிமனையில் பெட்ரோல் பம்ப்தான் காரணம் என்று சொல்லி அதை மாற்றினார்கள். 4,200 ரூபாய் செலவழித்த நான்காம் நாள், காட்பாடி மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் பேருந்துகள் ஹாரன் அடிக்க, வண்டி மறுபடியும் நின்றது. பிறகு தொரப்பாடிப் பக்கம் தனியாகத் தொழில் செய்யும் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். வண்டியை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டதற்கு, "ஆறிப்போனா அது தானா ஸ்டார்ட் ஆவும் சார், அப்புறம் இன்னாத்தப் பாக்கறது? சூட்டோட ஓட்டினு வாங்க" என்றார். இந்த மூன்று ஆண்டுகளில் எனக்கு மிகவும் பயன்பட்ட சொல் இதுதான்.

மறுநாள் உச்சி வெயிலில் ஓட்டிச் சென்று, அவர் வாசலிலேயே வண்டி அணையும்வரை எஞ்சினை ஓடவிட்டோம். அணைந்ததும், எஞ்சினின் கணினியில் உள்ள தகவல்களைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி ஸ்டார்ட்டரைச் சுழற்றியபோது, எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தும் திரையில் சுழற்சி வேகம் பூஜ்யம் என்றே இருந்தது. பி0335 என்ற பழுதுக் குறியீடும் பதிவாகியிருந்தது. அந்தக் குறியீடு, எஞ்சின் சுழல்வதை உணர்ந்து சொல்லும் கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்லும். பழுது சென்சாரிலா, ஒயரிலா, இரண்டையும் இணைக்கும் கப்ளரிலா என்பதை நாம்தான் அளந்து கண்டுபிடிக்க வேண்டும். என் வண்டியில் உள்ளது காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட வகை. பற்சக்கரம் அதன் முன்னால் சுழலும்போது எழும் சிறு மின்னழுத்தத்தைக் கொண்டே கணினி பொறியையும் பெட்ரோல் தெளிப்பையும் நேரம் பார்த்துத் தருவதால், அந்தச் சைகை நின்றால் இரண்டும் ஒன்றாக நின்றுவிடும். கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தபோது சுருள் முழுவதுமாக அறுபட்டதாகக் காட்டியது. ஈரத்துணியைச் சென்சார் மேல் சுற்றிச் சற்றுப் பொறுத்து அளந்தபோது 870 ஓம் வந்தது. சூட்டில் விரிந்து விலகும் கம்பி, ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. புதிய சென்சார் போட்ட பிறகு வண்டி ஒருமுறைகூட வழியில் நிற்கவில்லை.

அவ்வாண்டு மழைக்காலத்தில் வேறொரு தொல்லை தொடங்கியது. ஏலகிரி மலையில், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் வண்டி மிஸ்ஸிங் அடித்துப் பிக்கப் இழந்தது. குறியீடுகள் பி0301, பி0304. அதாவது 1, 4 சிலிண்டர்களில் பெட்ரோல் சரியாக எரியவில்லை; இரண்டும் ஒரே காயிலைப் பகிர்பவை. உடனே காயில் வாங்காமல், இரண்டு காயில்களையும் இடம் மாற்றி ஓட்டிப் பார்த்தேன். கோளாறு 2, 3 சிலிண்டர்களுக்கு நகர்ந்தபோது சந்தேகம் தீர்ந்தது. அப்போது பணம் மிச்சம் பிடிக்க எண்ணிப் பெயரில்லாத டூப்ளிகேட் காயிலை வாங்கியது என் தவறு. ஏழே மாதத்தில் அதுவும் போயிற்று. இரண்டாம் முறை, கம்பெனி உதிரிபாகத்தோடு, காயிலிலிருந்து பிளக்குகளுக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் பிளக் ஒயர்களையும் மாற்றினேன். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் எஞ்சினின் பழைய ஒயர்கள் மேல் மெல்லிய நீர்த்தூவலை அடித்துப் பார்த்தபோது மின்கசிவால் நீலப் பொறிகள் ஓடியதைக் கண்ட பிறகு, வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. இதைச் செய்பவர்கள் ஒயர்களைக் கையால் தொடக் கூடாது. உயர் அழுத்த மின்சாரம் விளையாட்டுப் பொருளன்று.

பிளக்குகளை நானே மாற்றுகிறேன். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால் எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூட்டில் திருகினால் மரை போய்விடும். கழற்றுமுன் குழியில் உள்ள தூசியை ஊதி வெளியேற்றுவதும், புதிய பிளக்கைச் சிறு ரப்பர் குழாயின் முனையில் செருகி விரலால் சுழற்றியே இறக்குவதும், கடைசி இறுக்கத்தை மட்டும், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச்சுக்கு விடுவதும் என் வழக்கம்.

சென்ற ஆண்டு மைலேஜ் திடீரென்று குறைந்து பிளக்குகள் கரிபிடித்தன. ரேடியேட்டர் விசிறியும் ஓயாமல் ஓடியது. காலையில் சாவியைப் போட்டதும், எஞ்சினை இயக்குமுன், ஸ்கேனரில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலையையும் உள்வரும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிட்டேன். இரவு முழுவதும் நின்ற வண்டியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 29 டிகிரி என்றது. கூலன்ட் மைனஸ் 40 என்றது. வேலூரில் மைனஸ் நாற்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்! சென்சாருக்கான ஒயர் அறுந்தால் இப்படித்தான் காட்டும். கணினியும் எஞ்சின் உறைந்து கிடப்பதாக எண்ணிப் பெட்ரோலை வாரி வழங்கும். சென்சார் நலமாகவே இருந்தது. கப்ளருக்குள் பச்சைக் களிம்பேறி ஒரு பின் உடைந்திருந்ததால், பழைய உதிரிபாகக் கடையில் ஒயரோடு கூடிய கப்ளர் ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கிப் பற்றவைத்ததில் வேலை முடிந்தது.

இப்போது மிச்சமிருப்பது, புகையில் எஞ்சும் ஆக்ஸிஜனை உணரும் ஆக்ஸிஜன் சென்சார். அதன் மின்னழுத்தம் மேலும் கீழும் அலைந்தாலும், அலைச்சல் முன்னைவிட மந்தமாகிவிட்டது. புகைக்குழாயில் எங்கேனும் கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே புதிதை வாங்குவதாக இருக்கிறேன்.