லின்வில் பள்ளத்தாக்கு ஓட்டம்: வடிகட்டி பாட்டிலா, மாத்திரையா?

வட கரோலினாவின் லின்வில் பள்ளத்தாக்கைச் சுற்றி ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர்தான் தலைவலி. கீழே ஆறு ஓடுகிறது, மேலே டேபிள் ராக் மலையிலிருந்து ஷார்ட்ஆஃப் மலை வரை முகட்டில் கோடையில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வேகம்: வடிகட்டி பாட்டிலில் மொண்டு, உறிஞ்சிக் குடித்தபடியே ஓடலாம். தண்ணீரைச் சுத்தமாக்கும் குளோரின் டைஆக்சைடு மாத்திரை என்றால் பாக்டீரியாவுக்கு அரை மணி நேரம், கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்கு ஒட்டுண்ணிக்கு 4 மணி நேரம் காத்திருக்கணும். யார் காத்திருப்பது?

எடை: மாத்திரைக்கு எடையே இல்லை.

உழைப்பு: வடிகட்டி கலங்கல் நீரில் அடைத்துக்கொள்ளும், ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே இழை விரிசல் விட்டது வெளியே தெரியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். வைரஸும் அதில் தப்பிவிடும் (மாத்திரை கொன்றுவிடும்).

கோடை ஓட்டத்துக்கு வடிகட்டி, உறைபனிக் காலத்துக்கு மாத்திரை. எதுவானாலும் சரி, முகட்டுக்கு ஏறும் முன் 2 லிட்டராவது நிரப்பிக்கொள்ளுங்கள்.