மொட்டைமாடியில் ஹாம் கோபுரம்: ஓர் எச்சரிக்கைப் பதிவு

தென்சென்னையில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில், ஹாம் எனப்படும், உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்புக்காக, 30 அடி உயர இரும்புக் கோபுரமும், அதன் உச்சியில் 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்கான மூன்று உறுப்பு யாகி ஆன்டெனாவும் (சக்தியை ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனா), அதை வேண்டிய திசைக்குத் திருப்பும் ரொட்டேட்டரும் அமைத்துத் தருவதாக ஒப்புக்கொண்ட ஒப்பந்தக்காரர் ஒருவர், ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு செய்துவைத்த வேலையைப் பற்றியது இந்தப் பதிவு. புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரை எழுதவில்லை. அவர் எதை எங்கே மறைத்தார் என்று தெரிந்தால் போதும்; அதே வேலையை வேறு யார் செய்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் காற்று. கொட்டேஷனில் காற்றழுத்தக் கணக்கு எதுவும் இல்லையே என்று நான் கேட்டபோது, "கோவையில் இதே கோபுரம் பல வருஷமாக அசையாமல் நிற்கிறது சார்" என்பதுதான் அவர் தந்த பதில். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, கோவைக்கும் மதுரைக்கும் வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி உயர்வதால், கோவையில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 93 கிலோவாக இருக்கும் விசை சென்னையில் 150 கிலோவைத் தாண்டிவிடுகிறது. அரைச் சதுர மீட்டர் பரப்புள்ள ஓர் ஆன்டெனாவை உச்சியில் மாட்டினால், கோபுரத்தின் மேல் விழும் காற்றைக் கணக்கில் சேர்க்காமலேயே, முப்பதடி உயரத்தில் 75 கிலோ பக்கவாட்டில் இழுக்கிறது என்று பொருள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

அந்த இழுவையைத் தாங்க வேண்டியது அடித்தளம். பெரிய மோசடி நடந்ததும் அங்கேதான். தட்டோட்டையும் அதற்குக் கீழுள்ள செங்கல் ஜல்லி, சுண்ணாம்புப் பூச்சையும் வெட்டி எடுத்துவிட்டு, தூண்களின் தலைப்பகுதிக் கான்கிரீட்டில் போல்ட்டுகளை இறக்கி, கம்பி கட்டி, மேடை வார்ப்பதாகக் கொட்டேஷனில் தெளிவாக எழுதியிருந்தார். வேலை முழுவதும் நாங்கள் அலுவலகத்தில் இருந்த பகல் பொழுதில் நடந்தது. மாலையில், கான்கிரீட்டில் பதிந்த போல்ட்டுகளை மிக அருகிலிருந்து எடுத்த படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையில் தட்டோட்டின் மேலேயே துளையிட்டு ஆங்கர் போல்ட்டுகளை அடித்து, சுற்றிலும் சிமென்ட் பூசி, மேடைபோல் காட்டியிருக்கிறார்கள். போல்ட்டுகள் பிடித்திருந்தது நான்கு அங்குல ஜல்லிப் பூச்சை மட்டுமே. வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் தளத்தைக் காக்கப் போடும் அந்தப் பூச்சுக்கு இழுவையைத் தாங்கும் வலு கிடையாது. அவரிடம் ஏமாந்த இன்னொருவருக்கும் அதே படம், அவருடைய வீட்டில் எடுத்ததாகவே அனுப்பப்பட்டிருந்தது எனப் பிறகு தெரிந்தது.

உண்மை வெளிவந்ததற்குக் காரணம், எங்கள் பகுதியிலுள்ள மூத்த ஹாம் நண்பர் ஒருவர். ஆன்டெனாவைச் சரிபார்க்க ஏற வந்தவர், அடித்தட்டுக்கும் சிமென்ட்டுக்கும் இடையே நாணயம் நுழையும் அளவுக்கு விரிசல் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஏற மறுத்துவிட்டார். கீழ் அறையின் கூரையில் ஈரக்கறை படரத் தொடங்கியிருந்ததற்கும் அந்தத் துளைகளே காரணம். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து கோபுரத்தின் ஒரு காலைச் சுற்றி உடைத்துப் பார்த்தோம். தூண் அங்கிருந்து இரண்டடி தள்ளி இருந்தது. கோபுரம் சாய்ந்தால் விழக்கூடிய வட்டத்துக்குள் தெருவின் மின்கம்பி போகிறது என்பதால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முழுவதையும் இறக்கச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்தார்.

இறக்கிய பிறகு இரும்பின் தரம் தெரிந்தது. கால்களுக்கும் உச்சித் தண்டுக்கும் இரண்டு அங்குல சி கிளாஸ் ஜி.ஐ. (துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு) பைப் என்று விலை போட்டிருந்தார். இந்த அளவில் ஏ கிளாஸின் சுவர்த் தடிமன் 2.9 மில்லிமீட்டர், பி கிளாஸ் 3.6, சி கிளாஸ் 4.5. கடையில் அடையாளம் காண்பதும் எளிது: ஏ கிளாஸுக்கு மஞ்சள் பட்டை, பி கிளாஸுக்கு நீலம், சி கிளாஸுக்குச் சிவப்பு. எங்கள் பைப்பின் மேல் கொழகொழவென்று அடித்திருந்த சில்வர் பெயின்ட்டைச் சுரண்டியபோது மஞ்சள் பட்டை தெரிந்தது. வெர்னியர் வைத்து அளந்ததில் 2.9 மில்லிமீட்டர் சுவர். வெல்டிங் முடிந்தபின் கோபுரம் முழுவதையும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்துத் தருவதாக வாங்கிய தனித் தொகைக்கும் அந்தச் சில்வர் பெயின்ட்தான் கிடைத்தது. உப்புக் காற்றில் ஒவ்வொரு வெல்டிங் இணைப்பும் பழுப்பேறியிருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதியது என்று விற்ற ரொட்டேட்டர், மேலே வர்ணம் பூசிய பழைய சரக்கு. ஐரோப்பாவுக்காக 320 பாகையில் நிறுத்தினால் முள் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளியது. தண்டின் எடையையும் காற்றின் பக்க இழுவையையும் தாங்க அதற்கு மேலே இருக்க வேண்டிய த்ரஸ்ட் பேரிங் போடப்படவே இல்லை. ஆன்டெனாவைக் கருவியோடு இணைக்கும், ஆர்.ஜி. 213 என்று உறையில் அச்சிட்ட கேபிளின் நடுக்கம்பி செம்பாக இருக்க வேண்டும்; கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. வெளிப்பின்னலும் வலைபோல் இடைவெளி விட்டிருந்தது. இடிதாங்கியின் எர்த் கம்பி மண்ணுக்குள் ஓரடி போய் முடிந்திருந்தது. கையால் இழுத்தாலே வந்துவிட்டது. ஆன்டெனாவின் பெருக்கம் 12 டெசிபல் என்று துண்டறிக்கையில் போட்டிருந்தார்கள். மூன்று உறுப்பு யாகி டைபோல் எனும் சாதாரணக் கம்பி ஆன்டெனாவைவிட 5 அல்லது 6 டெசிபல் கூடுதலாகத் தந்தாலே நல்ல ஆன்டெனா. 12 என்றால் பதினாறு மடங்கு சக்தி என்று பொருள், இந்த அளவு ஆன்டெனாவில் அது நடக்காது.

வேலையை ஒப்படைத்த நாளில் அவர் பெருமையோடு காட்டியது எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை, அதாவது அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவியை; எண் 1-ஐ நெருங்கினால் நல்லது. முள் 1.2-இல் நின்றது. புதிதாக உரிமம் பெற்றவர்கள் இந்த ஒரு எண்ணை நம்பி மீதித் தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இழப்பு மிகுந்த நீண்ட கேபிளில், போகும் சக்தியில் ஒரு பங்கும், ஆன்டெனாவிலிருந்து திரும்பும் சக்தியில் ஒரு பங்கும் வழியிலேயே வெப்பமாகிவிடுவதால், கருவி இருக்கும் அறையில் வைத்து அளந்தால் மோசமான ஆன்டெனாவும் நல்லதுபோல் தெரியும். மீட்டரையோ அனலைசரையோ ஆன்டெனாவின் இணைப்பில், அதாவது கோபுரத்தின் மேலே வைத்து அளக்கச் சொல்லுங்கள். எங்கள் ஆன்டெனாவை அப்படி அளந்தபோது 21 மெகாஹெர்ட்ஸில் 3-க்கு மேல் காட்டியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. கடல்காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்கத்தான் செய்யும் என்றார். பிறகு வெல்டர் மேல் பழி போட்டார். அதன்பின் தொலைபேசியை எடுப்பதில்லை. அனுமதி வேலைகளையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லித் தொகை வாங்கியிருந்தார். விசாரித்ததில் எந்த அலுவலகத்திலும் ஒரு தாள்கூடக் கொடுக்கப்படவில்லை. ஹாம் உரிமம் கையில் இருப்பது கோபுரத்துக்கான அனுமதி ஆகாது. மீனம்பாக்கம், தாம்பரம் ஓடுதளங்களின் சுற்றுவட்டாரத்தில் உயரக் கட்டுப்பாடு இருப்பதால், அங்கே குடியிருப்பவர்கள் அதைத் தாங்களே நேரில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இப்போது எங்களுக்குக் கைகொடுப்பவை, அவர் கையெழுத்திட்ட கொட்டேஷன், வங்கி வழியாகப் பணம் அனுப்பிய பதிவு, அந்த வாட்ஸ்அப் படம், பொறியாளரின் அறிக்கை ஆகியவை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். அங்கிருந்து போன அழைப்புகளுக்கும் அவர் பதில் சொல்லாததால் ஆணையத்துக்குப் போனோம்.

இதுபோல் மாடியில் கோபுரம் நிறுத்தியிருப்பவர்கள், யார் கட்டித் தந்ததாக இருந்தாலும், மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு காலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டோட்டைப் பெயர்த்து, போல்ட் எதைப் பிடித்திருக்கிறது என்று ஒரு பொறியாளரை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஜல்லிப் பூச்சோடு நின்றிருந்தால், யாரையும் மேலே ஏறவிடாமல், கிரேன் வைத்து இறக்குங்கள்.