2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர்: மாவு அருமை, ஸ்கிரேப்பர் கொடுமை

"கிரைண்டர் விலை இறங்கிக் கிடக்கு அண்ணாச்சி, ஆன்லைன்லயே போட்டுரவா, இல்ல புனலூர்ல ஓணம் ஆஃபர்ல எடுக்கவா?" செங்கோட்டைக்குப் பக்கத்தில், கேரள எல்லையோரம் இருக்கிற புளியரைத் தம்பி ஒருத்தர் கேட்ட கேள்வி இது. புனலூர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். வாட்ஸ்அப்பில் ரெண்டு வரியில் முடிகிற பதில் இல்லை. வாட்ஸ், லிட்டர், வாரண்டி வருஷம் எல்லாம் விற்கிறவனே போட்டிருப்பான், அதை விட்டுவிடுகிறேன். வருஷக்கணக்கில் ஓடிய மெஷின் என்ன செய்யும், எங்கே கழுத்தை அறுக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நியாயத்துக்கு முதலில் மாவு. ஒரு டம்ளர் உருட்டு உளுந்தை ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஊறின தண்ணியையே ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து 25 நிமிஷம் ஓடவிட்டால் பந்து பந்தாகப் பொங்கி வரும். உளுந்து புதுசா பழசா என்பதைப் பொறுத்து ஒன்றரை டம்ளரிலிருந்து ரெண்டு டம்ளர் வரை தண்ணி இழுக்கும். ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணியில் விட்டால் மிதக்கணும். அடியில் போய் உட்கார்ந்தால் இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடணும். மிக்ஸியில் இந்தப் பதம் வராது. அது 18,000 சுற்றுக்குப் பக்கம் சுழன்று மாவைச் சூடாக்கிவிடும். கல் நிதானமாக நசுக்கி, மடித்து, காற்றை உள்ளே ஏற்றுகிறது. அதே ஒரு டம்ளர் உளுந்துக்கு இந்த மெஷினில் கூடுதலாக நாலஞ்சு இட்லி விழும். இந்த விஷயத்தில் என்னிடம் ஒரு குறையும் இல்லை.

குறை எல்லாம் ஒரே இடத்தில். டிரம்மின் ஓரத்தில் மாவை வழித்து உள்ளே தள்ளுகிற ஸ்கிரேப்பர். கட்டைவிரல் அகலத்தில், கொஞ்சம் வளைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. மோட்டாரும் கல்லும் ஸ்டீலும் பத்து வருஷத்துக்குத் தாங்கும் கனத்தில் இருக்க, மொத்த மெஷினின் மானமும் இந்தத் துண்டில் தொங்குகிறது. கோவைக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த சாமான் வெட் கிரைண்டர். அதை இத்தனை ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு இந்த ஒரு துண்டை உருப்படியாகச் செய்யத் தெரியாதா என்ற கோபம் ஒவ்வொரு ஈட்டுக்கும் வருகிறது.

அது தேய்ந்தால் என்ன ஆகும்? டிரம் சுற்றும்போது மாவு சுவரை ஒட்டி மேலே ஏறும். ஸ்கிரேப்பருக்கும் ஸ்டீலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி இருக்கும் வரை அது மாவை வழித்து உருளைக் கல்லுக்கு அடியில் தள்ளிவிடும். ஓரம் தேய்ந்து இடைவெளி கூடினால், சுவரில் ஒரு படை மாவு அசையாமல் நிற்கும். நடுவில் வெண்ணெய், ஓரத்தில் ரவை. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து வழிக்கும்போது அந்த ரவையும் கலந்துவிடும், தோசை ஓரம் பிய்ந்து பிய்ந்து வரும். "கல்லு தேஞ்சு போச்சு"ன்னு நிறையப் பேர் முடிவு கட்டிவிடுகிறார்கள். கல் அத்தனை சீக்கிரம் தேயாது. அரிசி போட்டு 15 நிமிஷம் ஆனதும் மெஷினை நிறுத்தி, நடுவில் ஒரு விரல், சுவரோரம் ஒரு விரல் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் ஸ்கிரேப்பர்தான். ரெண்டு இடத்திலும் ஒரே மாதிரி ரவையாக இருந்தால், கல்லை அழுத்துகிற டைட் திருகு இளகியிருக்கிறதா என்று பார்க்கணும்.

இன்னொரு வியாதி, ஸ்கிரேப்பரை நிறுத்தி வைக்கிற பிளாஸ்டிக் முளை. அரிசியை ஒரேயடியாகக் கொட்டினால், கெட்டியாகிய மாவு மொத்தமும் இந்த முளையில் மோதும். வடைக்குத் தண்ணி இல்லாமல் அரைக்கும்போதும் அப்படித்தான். முதலில் வெளிர்க் கோடு மாதிரி ஒரு விரிசல் தெரியும், அப்புறம் ஒரு நாள் டக். உடைந்த துண்டு மாவுக்குள் கிடக்கும், தேடி எடுக்காமல் விடக்கூடாது. இதைத் தள்ளிப்போட வழி உண்டு. வெறும் டிரம்மில் கால் டம்ளர் தண்ணி ஊற்றி ஓடவிட்டு, அரிசியைக் கை கையாகப் போடணும். அரிசி அஞ்சு மணி நேரம் ஊறியிருக்கணும், சிவப்பு மட்ட அரிசி என்றால் ஏழெட்டு மணி நேரம். ஓரத்தை வழிக்க வேண்டுமானால் சுவிட்சை அணைத்துவிட்டு வழியுங்கள். ஓடுகிற டிரம்முக்குள் கரண்டியை விட்டால், அது கல்லுக்கு அடியில் மாட்டி முளையை உடைக்கும், இல்லை விரலை.

அளவு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2 லிட்டர் என்பது டிரம் தளும்பத் தளும்ப வருகிற கணக்கு. நிம்மதியாக அரைபடுவது ஒன்றேகால், மிஞ்சினால் ஒன்றரை லிட்டர். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ரெண்டு ஈடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். குறைத்தாலும் ஆபத்து: முக்கால் டம்ளருக்குக் கீழே உளுந்து போட்டால் கல்லுக்கு எட்டாமல் சும்மா வழுக்கிக்கொண்டே இருக்கும்.

சரி, ஸ்கிரேப்பர் போனால் புதுசு வாங்கிப் போடுவதுதானே? அங்கேதான் ஆன்லைன் வாழ்க்கையின் அழகு தெரியும். தேடினால் "எல்லா 2 லிட்டர் மாடலுக்கும் பொருந்தும்" என்று வரிசையாக வரும். அந்த "எல்லா"வை நம்பாதீர்கள். டிரம் சுற்றுகிற திசைக்கு எதிராக வளைவு இருக்கணும். சில கம்பெனியில் இடது, சிலதில் வலது. ரெண்டு துளைக்கு நடுவே உள்ள தூரம் ரெண்டு மில்லிமீட்டர் தப்பினாலும் உட்காராது. நீளம் அதிகமானால் அடிக்கல்லில் உரசிக் கருப்புத் தூள் மாவில் விழும். பழைய துண்டை ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து, துளைத் தூரம், மொத்த நீளம், வளைவுத் திசை மூன்றையும் விற்கிறவரிடம் கேட்டு ஒத்துப்பார்த்த பிறகுதான் ஆர்டர். சரியான கம்பெனி ஸ்பேரைக் கண்டுபிடித்தாலோ, "தற்போது இருப்பில் இல்லை". மற்றவர்கள் விஷ் லிஸ்டில் போன், வாட்ச், பட்டுச்சேலை எல்லாம் கிடக்கும். என் லிஸ்டில் மேலே நிற்பது இந்தப் பிளாஸ்டிக் துண்டுதான். அந்தப் பக்கத்துக்குள் போனால், அதே கிரைண்டரைப் புதுசாக வாங்கச் சொல்லிக் கீழே விளம்பரம் வேறு.

தற்காலிகத்துக்கு, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிற கடையில் நைலான் தகட்டை பழைய துண்டின் அச்சுக்கு அறுத்து, ஓரத்தை அரம் போட்டுத் தருவார்கள். பார்க்கச் சகிக்காது, வேலை செய்யும். ஓரத்தில் பிசிறு இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு மாட்டுங்கள்.

இனி மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா. வரியில் வித்தியாசம் கிடையாது. கல் வைத்த வெட் கிரைண்டருக்கு 2019 அக்டோபர் 1 முதல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது, 2022 ஜூலை 18 முதல் 18 ஆக ஏறியது. எத்தனையானாலும் செங்கோட்டையிலும் அதேதான், புனலூரிலும் அதேதான். அந்தப் பக்கம் ஓணத்துக்கு எக்ஸ்சேஞ்ச் தருவார்கள், இந்தப் பக்கம் ஆடியும் தீபாவளியும் இருக்கிறது. விலையை விட சர்வீஸ்தான் யோசிக்கணும். ஆன்லைனில் வாங்கினால் எல்லாம் பின்கோடு சொன்னபடி. தென்காசி 2019 நவம்பர் 22-லேயே தனி மாவட்டம் ஆகிவிட்டது, ஆனாலும் 627809 என்று அடித்தால் பல இடங்களில் மாவட்டம் திருநெல்வேலி என்றுதான் தானாக நிரம்புகிறது. புகாரும் அங்கேயுள்ள சென்டருக்குப் போய்விடும். அங்கிருந்து ஒரு ஸ்கிரேப்பருக்காக 60 கிலோமீட்டர் யாரும் வரமாட்டார்கள். "பார்ட் இல்லை" என்று எழுதிப் புகாரை மூடிவிடுவார்கள், தீர்க்கப்பட்டது என்று நமக்கு மெசேஜ் வரும். ஆர்டர் போடுவதற்கு முன்னால் கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பரில் கூப்பிட்டு, மாடல் பெயரைச் சொல்லி, ஸ்கிரேப்பரும் பெல்ட்டும் தனியாகக் கிடைக்குமா, எந்த ஊரில் என்று கேளுங்கள். தடுமாறினால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

ரிவ்யூ படிக்கிற முறையும் ஒன்று இருக்கிறது. அஞ்சு நட்சத்திரம் பெரும்பாலும் பெட்டி பிரித்த வாரத்தில் போட்டது: "பேக்கிங் சூப்பர், டெலிவரி ஃபாஸ்ட்". ஒரு நட்சத்திரம் கொரியரில் கல் உடைந்து வந்தவர்கள் போட்டது. மூன்று நட்சத்திரத்தைப் படியுங்கள், அதிலும் பழைய தேதியில் வாங்கித் திரும்ப வந்து எழுதியதை. ரிவ்யூவுக்குள் தேடுகிற பெட்டியில் பெல்ட், லீக், ஸ்பேர் என்று போட்டுப் பாருங்கள். 1.25 லிட்டர், 2 லிட்டர், சாய்க்கிற மாடல் எல்லாவற்றின் ரிவ்யூவையும் ஒரே பக்கத்தில் கொட்டி வைத்திருப்பார்கள். கீழே சின்ன எழுத்தில் எந்த அளவு என்று இருக்கும், அதைப் பார்க்காமல் நம்பக்கூடாது.

நம்ம பக்கத்துக்கென்றே ஒரு தொல்லை, சாரல். ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் துணியே காயாது, கல் எப்படிக் காயும்? கழுவி உடனே மூடினால் மூணாம் நாள் கல்லிலிருந்து ஒரு புழுங்கல் வாடை வரும், அடுத்த மாவும் சீக்கிரம் சளித்துவிடும். மூடியைப் போடாதீர்கள். உருளைக் கல்லைத் தனியாகக் கழற்றிச் சாய்த்து வைத்து ஒரு ராத்திரி காற்றாடவிடுங்கள். டிரம்மின் வெளி அடியையும் துடைக்கணும். அந்த ஈரம் ஷாஃப்ட் வழியாகப் பேரிங்கில் இறங்கித்தான் பின்னாளில் கரகர சத்தம் வருகிறது. வாடை வந்துவிட்டால் ஒரு கைப்பிடி கல்லுப்பும் ஒரு கைப்பிடி அரிசியும் தண்ணியோடு அரைத்துக் கொட்டுங்கள். சோப்பு வேண்டாம், கல் அதைக் குடித்துக்கொள்ளும். சாரல் காலத்தில் மாவு புளிக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலேயே பிடிக்கும், அதற்கு கிரைண்டரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

வோல்டேஜ். சாயங்காலம் 190-க்கு இறங்கினால் மோட்டாரின் இழுவை மூன்றில் ரெண்டு பங்காகிவிடும். அரிசி நிறைந்த டிரம்மோடு சுவிட்ச் போட்டால் உம்மென்று முனகி நிற்கும். உடனே அணைத்து, பாதி அரிசியை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் முனகினால், மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் பலவீனம். அதன் மேலே எழுதியிருக்கிற அதே எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட் அளவு) பார்த்து மாற்றணும். ரப்பர் கருகுகிற வாடை வந்தால் பெல்ட் வழுக்குகிறது.

கூட வருகிற தேங்காய்த் துருவி பரவாயில்லை, ஆப்பத்துக்குப் பால் எடுக்கிற வீட்டுக்கு உதவும். சப்பாத்தி மாவு பிசைகிறது பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஆக, தம்பிக்கு: இட்லி பஞ்சு மாதிரி வரும், கல் உழைக்கும், மோட்டார் தொந்தரவு தராது. இருந்தாலும் இன்றைக்கு நட்சத்திரம் போடச் சொன்னால் ரெண்டுக்கு மேல் கை வராது. வாங்குகிறதென்றால் செங்கோட்டையிலோ தென்காசியிலோ, ஸ்பேர் கண்ணில் தெரிகிற கடையில் வாங்குங்கள். முந்நூறு நானூறு கூடினால் கூடட்டும். பில் போடும்போதே அந்த மாடலுக்கு ரெண்டு ஸ்கிரேப்பரும் ஒரு பெல்ட்டும் எடுத்து, கடையிலேயே ஒரு தரம் மாட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.